வரி எங்கே முடிகிறது? – பல்வரி உள்ளீட்டைத் தனிப்புலங்களாகப் பிரித்தல்



கணினி நிரலாக்கம் பயிலும் மாணவர் ஒருவருக்கு எளிய பயிற்சி ஒன்றைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். திரையில் ஒரு பெரிய உரைப்பெட்டி. அதன்கீழ் இரண்டு சிறிய காட்சிப் புலங்கள். பக்கத்தில் ஒரு பொத்தான். பெட்டியில் ஒரு குறளைத் தட்டச்சு செய்து பொத்தானை அழுத்தினால், முதலடி மேற்புலத்திலும் இரண்டாம் அடி கீழ்ப்புலத்திலும் தோன்றவேண்டும். மாணவர் அரைமணி நேரத்தில் நிரலை எழுதி முடித்துவிடுகிறார். தம் கணினியில் இயக்கிப் பார்க்கிறார், சரியாகவே இருக்கிறது. ஆசிரியரின் மடிக்கணினியில் எழுத்தளவு சற்றுப் பெரியது. அங்கே இயக்கும்போது மேற்புலத்தில் முதலடியின் மூன்று சீர்கள் மட்டும் நிற்கின்றன. நான்காம் சீர் தனியே கீழ்ப்புலத்தில் நிற்கிறது. இரண்டாம் அடியைக் காணவில்லை.

வள்ளுவர் செய்தவை இரண்டு அடிகள். தட்டச்சு செய்தவரும் முதலடியின் முடிவில் ஒரே ஒருமுறைதான் எண்டர் விசையை அழுத்தினார். ஆயினும் பெட்டி குறுகலாக இருந்தமையால் முதலடி மடிந்து திரையில் இரண்டு வரிகளாகத் தெரிந்தது. நிரல் கண்ணுக்குத் தெரிந்த வரிகளை எண்ணியது. எழுதியவர் இட்ட பிரிவை எண்ணவில்லை. பல்வரி உரையைப் பிரித்துத் தனிப்புலங்களில் இடும் வேலையில் நான் கண்ட பிழைகளுள் பெரும்பாலானவை, ‘இந்தப் பிரிவைச் செய்தவர் யார்?’ என்று நிரலர் கேட்கத் தவறியதால் விளைந்தவையே. என் பிழையும் அவற்றுள் ஒன்று. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அடியும் வரியும்

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று செய்யுளின் உறுப்புகளை அடுக்கிச் சொல்லும் யாப்பிலக்கணத்தில் ‘வரி’ என்பதற்கு இடமில்லை. அடி என்பது சீர்களால் அளக்கப்படுவது. வரி என்பது எழுதும் பொருளின் அகலத்தால் அளக்கப்படுவது. குறள் வெண்பாவின் முதலடி நாற்சீர் உடையது, இரண்டாம் அடி முச்சீர் உடையது. அதனைச் சுவரில் எழுதினாலும் அஞ்சலட்டையில் எழுதினாலும் அடிகள் இரண்டே. வரிகள் எத்தனை ஆகும் என்பது சுவரையும் அட்டையையும் பொறுத்தது.

ஓலைச்சுவடிகளில் இதனைத் தெளிவாகக் காணலாம். ஏட்டில் செய்யுளை அடிபிரித்து எழுதும் வழக்கம் இல்லை. ஓலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எழுத்துகள் தொடர்ந்து ஓடும். மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர் ஏட்டின் வரிகளைப் பார்த்து அடிகளைப் பிரிக்கவில்லை. யாப்பறிவைக் கொண்டும், உரையைக் கொண்டும், பல ஏடுகளை ஒப்புநோக்கியும் பிரித்தனர். ஏட்டின் வரி முடியும் இடத்தில் அடியும் முடிகிறது என்று ஒருவர் கொண்டிருந்தால் நூல் சிதைந்திருக்கும்.

கணினிக்கு யாப்பறிவு கிடையாது. எனவே பிரிவைக் காட்டும் குறியை எழுதுபவரே இட்டுத் தரவேண்டியிருக்கிறது. அந்தக் குறிதான் எண்டர் விசை. உரைப்பெட்டி தானாகச் செய்யும் மடிப்புக்கு உரையினுள்ளே எந்தக் குறியும் இல்லை. பெட்டியை அகலப்படுத்தினால் அது மறைந்துவிடும். இனி இக்கட்டுரையில், எழுதியவர் எண்டர் அழுத்தி இட்டதை ‘வரிமுறிவு’ என்றும், பெட்டி செய்துகொண்டதை ‘வரிமடிப்பு’ என்றும் வழங்குவேன்.

நிரல்மொழிகளில் இந்த இரண்டும் ஒரே பெயரில் ஒளிந்துகொள்வதுதான் சிக்கல். 1995இல் வெளிவந்த டெல்ஃபியில் பல்வரிப் பெட்டிக்கு ‘மெமோ’ என்று பெயர். அதற்கு ‘லைன்ஸ்’ என்றொரு பண்பு உண்டு. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் கட்டமைப்பில் உள்ள ‘டெக்ஸ்ட்பாக்ஸ்’ என்னும் பெட்டிக்கும் ‘லைன்ஸ்’ என்னும் பண்பு உண்டு. பெயர் ஒன்று, பொருள் வேறு. டெல்ஃபியின் மெமோவில் வரிமடிப்பு இயக்கத்தில் இருக்கும்போது ‘லைன்ஸ்’ பண்பிடம் முதல் வரியைக் கேட்டால், திரையில் தெரியும் முதல் வரியையே அது தரும். டாட்நெட்டின் பண்போ உரை முழுவதையும் எடுத்து, வரிமுறிவுக் குறிகள் உள்ள இடங்களில் மட்டும் பிரித்துத் தரும். நம் மாணவர் தமது பயிற்சியை டெல்ஃபியில் செய்திருந்தால் நிகழ்ந்தது விளங்கும். மெமோவின் முழு உரையையும் ஒரு தனிச் சரப்பட்டியலுக்கு மாற்றி, அங்கிருந்து வரிகளை எடுத்திருந்தால் அடிகள் இரண்டும் பிழையின்றிக் கிடைத்திருக்கும். பட்டியலுக்கு அகலம் என்பதே இல்லை. ஆகவே மடிப்பும் இல்லை.

விண்டோஸ் இயங்குதளமே இவ்வேறுபாட்டை அறியும். மடிப்புகளையும் குறித்துத் தருமாறு பெட்டியைக் கேட்க ஒரு வழி அதில் உண்டு. அப்போது எழுதியவர் எண்டர் அழுத்திய இடத்தில் 13, 10 என்னும் இரு குறியெண்களும், பெட்டி மடித்துக்கொண்ட இடத்தில் 13, 13, 10 என்னும் மூன்று குறியெண்களும் வரும். அந்தக் கூடுதல் 13, ‘இது என் வேலை, எழுதியவர் வேலையன்று’ என்று பெட்டி கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் எனலாம்.

வண்டியும் தாளும்

13, 10 என்னும் இவ்விரு எண்கள் எங்கிருந்து வந்தன? ஒரு வரி முடிந்ததைக் காட்ட இரண்டு குறிகள் எதற்கு? வகுப்பில் மாணவர்கள் தவறாமல் கேட்கும் வினா இது. விடை, பழைய தட்டச்சுப்பொறியில் இருக்கிறது.

தட்டச்சுப்பொறியில் தாளைத் தாங்கும் உருளை ஒரு வண்டியின்மேல் இருக்கும். ஓர் எழுத்தைத் தட்டினால் வண்டி ஓர் இடம் நகரும். வரி முடிந்ததும் இரண்டு செயல்கள் நிகழவேண்டும்: வண்டி தொடக்கத்துக்குத் திரும்பவேண்டும், தாள் ஒரு வரி மேலே ஏறவேண்டும். பொறியின் ஓரத்திலுள்ள நெம்புகோலை ஒருமுறை தள்ளினால் இரண்டும் சேர்ந்தே நிகழும். தமிழ்த் தட்டச்சுப்பொறியின் விசையமைப்பை வகுத்த யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதிக்கு வந்து சிங்கப்பூரில் பணியாற்றியவர். அவருடைய பொறியிலும் இந்த நெம்புகோலின் வேலை இதுவே.

தொலைத்தட்டச்சுப்பொறி வந்தபோது நெம்புகோலைத் தள்ள எதிர்முனையில் ஆள் இல்லை. கம்பிவழியே குறிதான் வரும். ஆகவே இரண்டு செயல்களுக்கும் இரண்டு தனிக்குறிகள் வைத்தனர். 1963இல் வகுக்கப்பட்ட ஆஸ்கி குறியீட்டு முறையில் வண்டியைத் திருப்பும் குறிக்கு 13 என்றும், தாளை ஏற்றும் குறிக்கு 10 என்றும் எண்கள் அமைந்தன. பொறிகள் மறைந்தன; குறிகள் மறையவில்லை. டாஸும் அதன்வழி விண்டோஸும் இரண்டு குறிகளையும் வைத்துக்கொண்டன. யூனிக்ஸும் அதன் வழிவந்த லினக்ஸும் 10 மட்டும் போதும் என்றன. பழைய மெக்கின்டாஷ் கணினிகள் 13 மட்டும் போதும் என்றன. ஒரே செயலுக்கு மூன்று மரபுகள்.

இதன் விளைவை அனுபவித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். லினக்ஸ் கணினியில் எழுதிய பட்டியலை விண்டோஸின் நோட்பேடில் திறந்தால், எல்லாப் பெயர்களும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வரியாகத் தெரியும். 2018இல் வந்த மேம்பாட்டுக்குப் பின்னரே நோட்பேடு மூன்று மரபுகளையும் ஏற்றுக்கொண்டது. குறளில் நிகழ்ந்ததற்கு இது நேர்மாறானது. அங்கே ஒரு முறிவு இருக்கக் கண்ணுக்குப் பல வரிகள் தெரிந்தன. இங்கே பல முறிவுகள் இருக்கக் கண்ணுக்கு ஒரே வரி தெரிந்தது.

எனவே விசுவல் பேசிக்கின் ‘ஸ்பிளிட்’ போன்ற செயற்கூற்றைக் கொண்டு உரையைப் பிரிப்போர் 13, 10 என்னும் இணையை மட்டும் தேடினால் போதாது. முதலில் மூன்று மரபுகளையும் ஒன்றாக்க வேண்டும்: இணையாக வரும் 13, 10ஐத் தனி 10ஆக மாற்றுக, பிறகு எஞ்சிய 13ஐ 10ஆக மாற்றுக, அதன்பின் 10ஐக் கொண்டு பிரிக்க. வரிசை முக்கியம். தனி 13ஐ முதலில் மாற்றிவிட்டால் ஒவ்வோர் இணையும் இரண்டு முறிவுகளாகி, பெயர்களுக்கிடையே இல்லாத வெற்று வரிகள் முளைத்துவிடும். டாட்நெட்டின் ‘லைன்ஸ்’ பண்பு இம்மூன்றையும் தானே கவனித்துக்கொள்கிறது என்பதால், அதனைப் பயன்படுத்துவோர்க்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் அதற்கும் ஒரு பழக்கம் உண்டு. உரையின் கடைசியில் ஒரு வரிமுறிவு இருந்தால், அதற்கு அப்பால் ஒரு வெற்று வரி இருப்பதாகக் கொண்டு அதனையும் கணக்கில் சேர்க்கும். 31 பெயர்களைத் தட்டச்சு செய்தவர் கடைசிப் பெயருக்குப் பின்னும் கைப்பழக்கத்தால் எண்டரை அழுத்தினால், நிரலுக்குக் கிடைப்பவை 32 வரிகள்.

நான் தவறியது இந்த இடத்தில்தான்.

பன்னிரண்டாம் பெயர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் செய்யுள் மனனப் போட்டிக்குச் சான்றிதழ் அச்சிட உதவும் சிறு நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். திரையின் இடப்பக்கம் ஒரு பல்வரிப் பெட்டி. அதில் ஆசிரியை மாணவர் பெயர்களை வரிக்கு ஒன்றாக ஒட்டுவார். வலப்பக்கம் இன்னொரு பெட்டி. அதில் மதிப்பெண்களை ஒட்டுவார். பொத்தானை அழுத்தினால் கீழே ஒவ்வொரு மாணவருக்கும் பெயர்ப்புலம், மதிப்பெண் புலம், தகுதிநிலைப் புலம் என மூன்று புலங்கள் தோன்றும். அவற்றிலிருந்து சான்றிதழ்கள் அச்சாகும்.

சோதித்துப் பார்த்தபோது கடைசி வெற்று வரி தொல்லை கொடுத்தது. பட்டியலின் இறுதியில் பெயரே இல்லாத ஒரு சான்றிதழ் அச்சானது. எளிய வழி ஒன்று கையருகே இருந்தது. வெற்று வரிகள் அனைத்தையும் நீக்கிவிடுமாறு பிரிக்கும் செயற்கூற்றுக்கே ஒரு சொல்லில் கட்டளையிடலாம். இரண்டு பெட்டிகளுக்கும் அதனையே இட்டேன். தொல்லை நீங்கியது. அழகாகத் தீர்த்துவிட்டோம் என்று மகிழ்ந்தேன்.

போட்டியன்று 31 மாணவருள் ஒருவர் காய்ச்சலால் வரவில்லை. அவர் பட்டியலில் 12ஆவது. ஆசிரியை முறைப்படி மதிப்பெண் பட்டியலில் அவருடைய வரியை வெறுமையாக விட்டிருந்தார். என் நிரல் அந்த வெறுமையைக் குப்பை என்று கருதி நீக்கியது. 13ஆம் மாணவரின் மதிப்பெண் ஒரு படி மேலேறி 12ஆமவர்க்குப் போயிற்று, 14ஆமவருடையது 13ஆமவர்க்கு, இவ்வாறே இறுதிவரை. 31ஆம் மாணவரின் மதிப்பெண் புலம் வெறுமையாக நின்றது. வராத மாணவர் அவர்தாம் போலும் என்று நான் எண்ணிக்கொண்டேன். முதற்பரிசு 20ஆம் பெயருக்கு உரியது. சான்றிதழில் அச்சானதோ 19ஆம் பெயர்.

நிரல் எந்தப் பிழைச்செய்தியும் காட்டவில்லை. எல்லாப் புலங்களும் ஒழுங்காக நிரம்பியிருந்தன. பிழையை வெளிப்படுத்தியவர் காய்ச்சலில் படுத்திருந்த அந்த மாணவரே. தமக்குக் கிடைத்த சான்றிதழைப் பார்த்துவிட்டு, “டீச்சர், நான்தான் அன்று வரவே இல்லையே” என்றார். அந்த நேர்மைக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் 19ஆம் பெயருக்குரிய சிறுமி முதற்பரிசுச் சான்றிதழை அதற்குள் வீட்டுக்கு எடுத்துச் சென்றிருந்தாள். அதனைத் திரும்பப் பெற்றுவரும் பொறுப்பு நிரல் எழுதிய எனக்கு வரவில்லை, ஆசிரியைக்கு வந்தது.

வெற்று வரி என்பது ஒரு தகவல். ‘இவ்விடத்தில் ஒன்றும் இல்லை’ என்று ஒருவர் அறிந்தே சொன்ன செய்தி அது. பெயர்ப்பெட்டியில் அதற்குப் பொருள் இல்லை. பெயரில்லாத மாணவர் இரார். மதிப்பெண் பெட்டியில் அதற்குப் பொருள் உண்டு. இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே விதியை இட்டதுதான் என் பிழை. ‘அப்படியானால் நடுவிலுள்ள வெற்று வரியை விட்டுவிட்டு, இறுதியிலுள்ளதை மட்டும் நீக்கலாமே’ என்று மாணவர் ஒருவர் பின்னர்க் கேட்டார். நல்ல வினா. ஆனால் வராதவர் பட்டியலின் 31ஆமவராக இருந்தால், இறுதியிலுள்ள வெற்று வரியும் தகவலாகிவிடுகிறதே! ஆகவே மதிப்பெண் பெட்டியில் எதனையும் நீக்காமல், பெயர்களின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்ளவேண்டும். பெயர்கள் 31 என்றால் மதிப்பெண் வரிகள் 31 இருக்கவேண்டும். அதற்கு மேலும் வெற்று வரி இருந்தால் அது மட்டுமே கைப்பழக்கத்தின் எச்சம். குறைந்தால் நிரல் நின்று கேட்கவேண்டும். தானாக இட்டு நிரப்பக் கூடாது. இன்னும் நல்லது, வராதவர்க்கு வெறுமையாக விடாமல் ஒரு சிறுகோடு இடுமாறு பயனரைக் கேட்டுக்கொள்வது.

கணினி பூச்சியத்திலிருந்து எண்ணும் என்பதையும் மாணவர்கள் மறக்கலாகாது. 12ஆம் பெயரின் சுட்டெண் 11. பிழை தேடும்போது ஆசிரியை ‘12ஆம் பெயர்’ என்பார். நிரல் ‘11ஆம் உறுப்பு’ என்னும். இருவரும் ஒருவரையே குறிக்கின்றனர்.

பிரிகுறியைத் தேர்தல்

உண்மையில், பெயரையும் மதிப்பெண்ணையும் இரண்டு பெட்டிகளில் வாங்கியதே அடிப்படைத் தவறு. அவ்விரண்டையும் பிணைத்திருந்தது வரிசையெண் ஒன்றுதான். ஒரு வரி நழுவினால் எல்லாப் பிணைப்பும் நழுவும். பெயரும் மதிப்பெண்ணும் ஒரே வரியில் வந்தால், ஒரு வரியின் பிழை அந்த வரியோடு நின்றுவிடும். எக்செல் அட்டவணையில் இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்துத் தெரிவுசெய்து நகலெடுத்து, அதனை உரைப்பெட்டியில் ஒட்டினால், வரிகளுக்கிடையே வரிமுறிவும் பெயருக்கும் மதிப்பெண்ணுக்கும் இடையே தத்தல் குறியும் வரும். தத்தலின் குறியெண் 9. முதலில் வரிமுறிவால் பிரித்து, பிறகு ஒவ்வொரு வரியையும் தத்தலால் பிரித்தால் புலங்கள் கிடைத்துவிடும். வராத மாணவரின் வரியில் பெயரும் தத்தலும் இருக்கும். அதன்பின் ஒன்றும் இராது. ஆயினும் அந்த வரி வெற்று வரி ஆகாது. எந்த நீக்கலிலும் அது தொலையாது.

ஏன் தத்தல்? காற்புள்ளியோ சாய்கோடோ கூடாதா? பிரிகுறியாக வைப்பது, பிரிக்கப்படும் பொருளுக்குள் வாராததாக இருக்கவேண்டும். நம் பெயர்களில் முன்னெழுத்தும் புள்ளியும் வரும். மலேசிய ஆவணங்களில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே ஏ/எல் என்றோ ஏ/பி என்றோ இருக்கும். தமிழில் எழுதுவோர் த/பெ என்பர். சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ என்பவை உண்டு. சாய்கோட்டைப் பிரிகுறியாக வைத்த நிரல், இத்தகைய பெயரை இரண்டாக வெட்டி, ‘எல்’ என்று தொடங்கும் இன்னொரு மனிதரை உண்டாக்கிவிடும். இடைவெளியைப் பிரிகுறியாக வைப்பது அதனினும் மோசம். முதற்சொல் இயற்பெயர், கடைச்சொல் குடும்பப்பெயர் என்று கொள்ளும் நிரல்கள் நம்மிடையே செய்யும் குழப்பத்தை நீங்கள் அறிவீர்கள். அவை தந்தையின் பெயரால் மகளை அழைக்கின்றன.

எக்செலிலிருந்து ஒட்டும்போது இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளவேண்டும். நீண்ட பெயரை ஒரே கட்டத்துக்குள் இரண்டு வரிகளாக எழுத, சிலர் ஆல்ட் விசையோடு எண்டரை அழுத்தியிருப்பர். அந்தக் கட்டத்தை நகலெடுத்தால் உள்ளே ஒரு வரிமுறிவும், முன்னும் பின்னும் இரட்டை மேற்கோள் குறிகளும் வரும். ஒரு வரி மேற்கோள் குறியில் தொடங்கி அதிலே முடியாவிட்டால், அடுத்த வரி அதன் தொடர்ச்சி என்று கொள்க.

முகவரியின் நிலை வேறு. அங்கே வரிகளின் எண்ணிக்கையே ஒரே சீராக இராது. ஒருவருக்கு மூன்று வரி, இன்னொருவருக்கு ஐந்து. மூன்றாம் வரியில் அஞ்சல் குறியீடு இருக்கும் என்று எழுதிய நிரல் நான்கு வரி முகவரியிலேயே தவறிவிடும். மேலிருந்து எண்ணாமல் கீழிருந்து பார்ப்பதே தக்கது. சிங்கப்பூர் முகவரியானால் 1995 முதல் வழங்கும் ஆறிலக்கக் குறியீடு பெரும்பாலும் கடைசி வரியில் கிடைக்கும். மலேசிய முகவரியானால் ஊர்ப்பெயருக்கு முன் ஐந்திலக்கக் குறியீடு இருக்கும். அதன்கீழ் மாநிலத்தின் பெயர் தனி வரியாக வருவதும் உண்டு. இலக்கங்களைத் தேடிக் கண்டபின், அதற்கு மேலுள்ள வரிகள் எத்தனையானாலும் அவற்றை அப்படியே ஒரு தொகுதியாகக் காட்டினால் போதும்.

எழுத்தின் நடுவே வெட்டு

வரிகளைப் பிரித்தாயிற்று. ஆனால் சான்றிதழில் பெயருக்கு விட்ட இடம் சிறியது. நீண்ட பெயரை இரண்டு புலங்களில் இடவேண்டும். ‘முதல் 20 எழுத்துகள் மேற்புலத்துக்கு, மிஞ்சியவை கீழ்ப்புலத்துக்கு’ என்று மாணவர் எழுதுகிறார். ஆங்கிலப் பெயர்களில் இது ஒருவாறு ஒப்பேறும். தமிழில் ஒப்பேறாது.

‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று என்பதைத் தொடக்கநிலை மாணவரும் அறிவார். கணினியிடம் கேட்டால் ஐந்து என்னும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது எண்ணுகிறது. ஒருங்குறியில் உயிர்மெய்க்குத் தனி இடம் இல்லை. அகரமேறிய மெய்யும் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடுகள். ஆகவே 20ஆம் குறியீட்டோடு வெட்டினால் அந்த வெட்டு ஓர் எழுத்தின் நடுவே விழலாம். ‘புகழ்’ என்று முடியும் பெயர் ‘புகழ’ என்று நிற்கும். அடுத்த புலம், தாங்க எழுத்தில்லாத ஒரு புள்ளியோடு தொடங்கும். அந்தப் புள்ளியைத் திரை ஒரு புள்ளிவட்டத்தின் மேல் ஏற்றிக் காட்டும். ஓகாரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும் சேமிக்கலாம். ஏகாரக் குறி, கால் என்னும் இரண்டு துணுக்குகளாகவும் சேமிக்கலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டு துணுக்குகளாகச் சேமிக்கப்பட்ட ‘கோமதி’யை அத்துணுக்குகளுக்கு இடையே வெட்டினால் மேற்புலத்தில் நிற்பது ‘கே’. பெயரே மாறிவிட்டது.

இதற்கு டாட்நெட்டில் ‘ஸ்டிரிங்இன்ஃபோ’ என்னும் கருவி உண்டு. அது துணைக்குறிகளை அவை சார்ந்த எழுத்தோடு சேர்த்தே எண்ணும். ‘தமிழ்’ என்பதை மூன்று என்று சொல்லும். வெட்டுவதற்குமுன் உரையை ஒருங்குறியின் இயல்பாக்க முறைப்படி ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டால் ஓகாரச் சிக்கலும் தீரும். ஆனால் என் கருத்தைக் கேட்டால், பெயரை எழுத்தெண்ணி வெட்டவே கூடாது என்பேன். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே பிரிக்கலாம். ஒற்றைச் சொல்லாகவே நீண்ட பெயராயின் எழுத்தின் அளவைக் குறைக்கலாம். அதுவும் இயலாதபோது, எங்கே பிரிப்பது என்று பெயருக்குரியவரிடமே கேட்கலாம்.

அந்தச் சான்றிதழ் நிரல் இன்றும் அப்பள்ளியில் இயங்குகிறது. இப்போது அதில் ஒரே ஒரு பல்வரிப் பெட்டிதான் உண்டு. அதன் வலமூலையில், எண்டர் அழுத்தப்பட்ட வரிகளுக்கு மட்டும் 1, 2, 3 என எண் தோன்றும்; மடிந்த வரிக்கு எண் இராது. பொத்தானை அழுத்தினால் புலங்கள் முன்னரே வரைந்து வைத்தபடி வாரா. எத்தனை வரியோ அத்தனை புலங்கள் அந்நேரத்தில் உருவாகும். ஒவ்வொன்றின் இடப்பக்கத்திலும் அதே வரியெண் நிற்கும். கீழே ஒரு குறிப்பு: ‘பெயர்கள் 31. மதிப்பெண் உள்ளவர் 30. மதிப்பெண் இல்லாதவர் 1: வரி 12.’ அந்தப் பன்னிரண்டாம் பெயரை ஆசிரியை படித்துப் பார்த்து, பக்கத்திலுள்ள கட்டத்தைத் தாமே தொட்டால்தான் அச்சிடும் பொத்தான் திறக்கும்.